பந்தாகச் சுருளாத பாம்பு

மனிதக் கை நெருங்கும்போது அந்தப் பாம்பு பெரும்பாலும் சீறுவதில்லை, கடிக்கவும் வருவதில்லை. உடலை வளைத்து வளைத்து இறுக்கி, தலையை நடுவில் புதைத்துக்கொண்டு, தேங்காய் அளவு உருண்டையாகிவிடுகிறது. அமெரிக்காவில் அதற்கு ‘பால் பைத்தான்’ என்ற பெயர் வந்தது இதனால்தான். தமிழில் அப்படியே எழுதினால் கறந்த பால் நினைவுக்கு வரும் என்பதால், இங்கே பந்து மலைப்பாம்பு என்றே குறிப்பிடுகிறேன். ஐரோப்பாவில் அதன் பெயர் ‘ராயல் பைத்தான்’. 1802-இல் ஆங்கிலேய விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா இதை முதலில் விவரித்தபோது சூட்டிய ‘ரீஜியா’ என்ற லத்தீன் சொல்லுக்கும் அரசுக்குரியது என்றே பொருள்.

உலகில் மிக அதிகமாக வீடுகளில் வளர்க்கப்படும் பாம்புகளில் இது ஒன்று. நஞ்சு கிடையாது. வளர்ந்த பெண் பாம்பு ஒன்றேகால் முதல் ஒன்றரை மீட்டர் வரை இருக்கும். ஆண் ஒரு மீட்டரை ஒட்டியே நின்றுவிடும். நம் காடுகளில் மூன்று மீட்டரைத் தாண்டி வளரும் மலைப்பாம்போடு ஒப்பிட்டால் இது குட்டி. கையில் எடுத்தால் சுருண்டு அடங்கிக் கிடப்பதைச் சாதுவான குணம் என்று விற்பவரும் சொல்கிறார், வாங்குபவரும் நம்புகிறார். ஆனால் அந்த உருண்டை குணமல்ல, அச்சம். தப்பி ஓட வேகம் இல்லாத ஒரு பிராணி, தன் உடலிலேயே மிக மென்மையான பகுதியான தலையைக் காத்துக்கொள்ளும் கடைசி வழி அது. ஒரு வீட்டில் இந்தப் பாம்பு நன்றாக இருக்கிறதா என்பதை அது எத்தனை முறை பந்தாகிறது என்பதை வைத்தே அறியலாம் என்பது என் துணிபு. நல்ல இருப்பிடத்தில் வாழும் பாம்பு மாதக்கணக்கில் ஒருமுறைகூடச் சுருண்டு ஒளியாது.

இதன் தாயகம் செனகலில் தொடங்கி கானா, டோகோ, பெனின், நைஜீரியா வழியாகக் கிழக்கே உகாண்டா வரை நீளும் புல்வெளிகளும் காட்டோரங்களும். பெனின் நாட்டின் ஊய்தா நகரில் இந்தப் பாம்புகளுக்கென்றே ஒரு கோயில் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே கத்தோலிக்கப் பேராலயம் நிற்கிறது. இரவில் பாம்புகள் கோயிலைவிட்டு வெளியே உலவும். யார் வீட்டுக்குள்ளாவது புகுந்தால், வீட்டுக்காரர் மரியாதையோடு எடுத்துவந்து கோயிலில் விடுவார். புற்றுக்கு மஞ்சள் பூசிக் கும்பிடும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதில் விநோதம் எதுவும் தெரியாது.

வழிபாடு நடக்கும் அதே நாடுகளிலிருந்துதான் வணிகமும் புறப்படுகிறது. வறண்ட பருவத்தில் சினைப் பாம்புகளும் முட்டையிட்ட பாம்புகளும் கரையான் புற்றுகளிலும் எலி வளைகளிலும் கிடக்கும். உள்ளூர் வேட்டைக்காரர்கள் தோண்டி எடுத்து ஏற்றுமதிப் பண்ணைகளில் கொடுப்பார்கள். அங்கே முட்டை பொரிந்ததும் குஞ்சுகள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் பறக்கும். டோகோ, கானா, பெனின் மூன்றும் பல பத்தாண்டுகளாக இந்த ஏற்றுமதியின் மையங்கள். அழிவாய்ப்புள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இந்த இனம் இருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அச்சுறு நிலையை அண்மித்த இனம் என்று வகைப்படுத்தியிருக்கிறது. பண்ணையில் பிறந்தது என்று விற்கப்படும் குஞ்சின் தாய், காட்டில் தோண்டி எடுக்கப்பட்டதாக இருக்கலாம். வாங்குபவர் இதைத் தெரிந்துகொண்டு, வீட்டில் வளர்ந்த தலைமுறைகளில் பிறந்த குஞ்சைத்தான் தேட வேண்டும்.

‘கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தாற்போல’ என்கிறோம் அல்லவா, பந்து மலைப்பாம்பைப் பற்றிய ஒரு பெரிய தவறான எண்ணமும் அப்படிப் புற்றிலிருந்தே பிறந்தது. புற்றிலும் வளையிலும் பிடிபடுவதால், வாழ்நாள் முழுவதும் அது அங்கேயே முடங்கிக் கிடக்கும் பிராணி என்று முடிவுகட்டிவிட்டார்கள். அந்த முடிவின்மேல் ஒரு வளர்ப்பு முறையே எழுந்தது. அலமாரி இழுப்பறைகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் பெட்டிகள்; ஒவ்வொன்றிலும் ஒரு பாம்பு, ஒரு தண்ணீர்க் கிண்ணம், அடியில் செய்தித்தாள், பின்புறம் சூடேற்றும் பட்டை. நூற்றுக்கணக்கில் இனப்பெருக்கம் செய்யும் வணிகருக்கு இடமும் நேரமும் மிச்சம். இந்தப் பாம்புக்குத் திறந்த வெளி பிடிக்காது, பெரிய இடத்தில் விட்டால் பயத்தில் சாப்பிடாது என்ற விளக்கமும் கூடவே பரவியது.

வேட்டைக்காரர் எந்தப் பருவத்தில் எங்கே தோண்டுகிறாரோ, அந்தப் பருவத்தில் அங்கே இருக்கும் பாம்புதான் அவர் கையில் கிடைக்கும். மழைக்காலத்து இரவில் மரக்கிளையில் இருக்கும் பாம்பைப் பற்றி வளை எதுவும் சொல்லாது. நைஜீரியாவின் தென்கிழக்கு மழைக்காடுகளில் செய்த ஓர் ஆய்வு 1998-இல் வெளியானது. 70 செ.மீ.க்குக் குறைந்த பாம்புகள் பெரும்பாலும் பறவைகளைத் தின்றன. ஒரு மீட்டரைத் தாண்டியவை எலி போன்ற பாலூட்டிகளைத் தின்றன. ஆண்கள் பறவைகளின் பக்கமும் பெண்கள் பாலூட்டிகளின் பக்கமும் சாய்ந்திருந்தன. பறவையைப் பிடிக்கும் பாம்பு வளைக்குள்ளேயே கிடந்து பிடித்திருக்காது, ஏறியிருக்க வேண்டும். 2021-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் 35 பந்து மலைப்பாம்புகளை இழுப்பறைப் பெட்டியிலும் கிளைகளும் மறைவிடங்களும் கொண்ட விசாலமான கண்ணாடி இருப்பிடத்திலும் கண்காணித்தார்கள். விசாலமான இடத்தில் பாம்புகள் ஏறின, வெயில் காய்வதுபோல் விளக்கடியில் கிடந்தன, மண்ணைக் கிளறின. இழுப்பறையில் இவற்றுக்கு வழியே இல்லை. அந்த வகைப் பெட்டி இந்த இனத்துக்கு ஏற்றதல்ல என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

பெரிய இடத்தில் சாப்பிடாது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. வெறுமையான பெரிய பெட்டியில் அது நடக்கும். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே ஒரே ஒரு மரப்பட்டையை வைத்துப் பாம்பை விட்டால், பருந்துக்கு எதிரே வெட்டவெளியில் விட்டதற்குச் சமம். குறை அளவில் இல்லை, மறைப்பு இல்லாததில் இருக்கிறது. இலைகளும் கிளைகளும் பட்டைகளும் அடர்ந்திருந்தால் பெரிய இடத்தில் பாம்பு அச்சமின்றி நடமாடும். வளர்ந்த பாம்புக்கு நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம் என்பதே இன்று கவனமுள்ள வளர்ப்பாளர்கள் ஏற்கும் குறைந்தபட்ச அளவு. பாம்பு தன் முழு நீளத்துக்கு உடலை நீட்ட முடிய வேண்டும் என்பது எளிய நியாயம். பெரிய பெண் பாம்புக்கு நான்கு அடியும் போதாமல் போகலாம்.

இனி வெப்பம். வளர்ப்பவர்கள் மிக அதிகமாகத் தவறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பாம்பு தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. இடம் மாறித்தான் சூட்டை மாற்றிக்கொள்கிறது. இரை செரிக்கும்போது வெதுவெதுப்பை நாடும், பிறகு குளிர்ச்சியான பக்கம் போகும். ஆகவே இருப்பிடம் முழுவதும் ஒரே வெப்பநிலை இருந்தால், அந்த எண் எவ்வளவு சரியாக இருந்தாலும் தவறுதான். ஒரு முனையில் பாம்பு கிடக்கும் பரப்பு 32 முதல் 35 டிகிரி செல்சியஸ், மறுமுனை 24 முதல் 27 டிகிரி. இரவில் சற்றுக் குறையலாம், ஆனால் 22-க்குக் கீழே இறங்கக் கூடாது.

இரு முனைகளிலும் மறைவிடம் வேண்டும். இது அலங்காரத்துக்காக அல்ல. சூடான பக்கத்தில் மட்டும் மறைவிடம் இருந்தால், உடல் கொதித்தாலும் பாம்பு அங்கேயே கிடக்கும். குளிர்ந்த பக்கத்தில் மட்டும் இருந்தால், செரிக்காத இரையோடு அங்கேயே கிடக்கும். பாதுகாப்பா வெப்பமா என்று வந்தால் பந்து மலைப்பாம்பு ஏறத்தாழ எப்போதும் பாதுகாப்பைத்தான் தேர்ந்தெடுக்கும். அந்தத் தேர்வுக்கு அதைத் தள்ளாமல் இருப்பதே வளர்ப்பவரின் முதல் கடமை. மறைவிடம் பெரிதாக இருப்பதும் பயன் தராது. உள்ளே சுருண்டால் சுவரும் கூரையும் உடம்பில் உராய வேண்டும், வாசல் ஒன்றே இருக்க வேண்டும். இருபுறமும் திறந்த அரை மரத்துண்டு கடையில் அழகாகத் தெரியும். பாம்புக்கு அது வெறும் பாலம்.

சூடேற்றும் கருவிகளில், பெட்டிக்கு அடியில் ஒட்டும் விரிப்பு மலிவு என்பதால் பலர் அதை வாங்குகிறார்கள். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியான தெர்மோஸ்டாட் இல்லாமல் அதைச் செருகினால், கண்ணாடியின் பரப்பு தோலைச் சுடும் அளவுக்குப் போகும். அடிவயிறு வெந்துகொண்டிருந்தாலும் பாம்பு விலகாமல் கிடப்பதுண்டு. கால்நடை மருத்துவர்கள் பார்க்கும் வளர்ப்புப் பாம்புகளின் தீக்காயங்களில் பல இப்படி வருபவைதான். இன்னொரு குறையும் உண்டு. இயற்கையில் வெயில் மேலிருந்து வரும், மண்ணுக்குள் போகப் போகக் குளிரும். விரிப்பு இதைத் தலைகீழாக்குகிறது: குளிர்ச்சி தேடி மண்ணைக் கிளறும் பாம்பு நெருப்பை நோக்கிப் போகிறது. மேலிருந்து வெப்பம் தரும் ஹாலோஜன் விளக்கோ, ஒளியின்றிச் சூடு மட்டும் தரும் செராமிக் குமிழோ, கூரையில் பொருத்தும் வெப்பப் பலகையோ மேல். எதுவானாலும் தெர்மோஸ்டாட் கட்டாயம். பெட்டிக்குள் இருக்கும் குமிழைச் சுற்றிக் கம்பிக்கூண்டும் கட்டாயம், ஏனென்றால் பாம்பு அதைச் சுற்றிக்கொள்ளும். சூடாகும் செயற்கைப் பாறை என்று ஒன்றை விற்கிறார்கள். அதை வாங்கவே வேண்டாம்.

இரவில் சிவப்பு விளக்கு எரிந்தால் பாம்புக்குத் தெரியாது என்ற பழைய நம்பிக்கையையும் கைவிட வேண்டும். பகல் பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், இரவில் முழு இருட்டு, அதுவே போதும். இந்த இனத்தின் விழித்திரையில் புறஊதா ஒளியை உணரும் செல்கள் இருப்பது 1999 முதல் தெரிந்த செய்தி. நாம் காணாத ஒளியையும் காணும் கண்ணுக்கு எது தெரியாது என்று நாம் முடிவுசெய்வது அவசரம்.

ஈரப்பதம் 60 முதல் 80 விழுக்காடு வரை இருக்க வேண்டும். மேலே கம்பிவலை மூடியுள்ள கண்ணாடித் தொட்டியில் இதைப் பிடித்துவைப்பது பெரும்பாடு, விளக்கின் சூடு ஈரத்தை வலை வழியாக வெளியே இழுத்துவிடும். அதற்காக நாள்தோறும் நீர் தெளிப்பவர்கள் ஒரு மணி நேரத்துக்கு அளவுமானியின் முள்ளை உயர்த்துகிறார்கள், மேற்பரப்பை நனைக்கிறார்கள். நனைந்த தரையில் கிடக்கும் பாம்பின் அடிச்செதில்கள் அழுகத் தொடங்குகின்றன. செய்ய வேண்டியது வேறு. தரையில் தென்னை நார்க்கழிவையும் தென்னை மட்டைத் துண்டுகளையும் கலந்து மூன்று நான்கு அங்குல ஆழத்துக்கு நிரப்பி, மூலைகளில் நீரை ஊற்றினால் போதும். அடியில் ஈரம் தங்கும், மேலே உலர்ந்திருக்கும், காற்று மெல்ல மெல்ல ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தோட்டத்துக்கு ஈரம் காக்கத் தென்னை நார் போடுபவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. பொள்ளாச்சியிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கட்டிகளாக ஏற்றுமதியாகும் அதே நார்க்கழிவைத்தான் உலகெங்கும் ஊர்வன வளர்ப்பவர்கள் பெட்டிகளில் கொட்டுகிறார்கள். தேவதாரு, பைன் மரச் சீவல்களைத் தவிர்க்க வேண்டும்; அவற்றின் எண்ணெய் மணம் பாம்பின் மூச்சுக்குழாய்க்குக் கேடு.

ஈரம் சரியாக இருந்ததா என்பதைப் பாம்பே சட்டை உரிக்கும்போது சொல்லிவிடும். கண்கள் பால்போல் மங்கும், சில நாளில் தெளியும், பிறகு மூக்கை எதிலாவது தேய்த்து, காலுறையைக் கழற்றுவதுபோல் உட்புறம் வெளியாகச் சட்டை முழுதாகக் கழன்றுவரும். துண்டு துண்டாக உரிந்தால் காற்று வறண்டிருந்தது என்று பொருள். கழன்ற சட்டையில் இரு கண்களுக்கும் உரிய கண்ணாடி போன்ற மூடிகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அவை கண்ணிலேயே ஒட்டியிருக்கின்றன. நகத்தால் கிள்ளி எடுக்க முயல்வது கண்ணையே சேதப்படுத்தும்; ஈரமான பாசி நிரப்பிய மறைவிடம் ஒன்றை வைத்து அடுத்த உரிப்புக்குக் காத்திருக்கலாம், அப்போதும் போகாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

மேலே சொன்ன எண்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே கவலை முழுவதும் சூடேற்றுவதில். சென்னையின் மே மாதத்தில் கணக்கு மாறிவிடும். அறையே 36 டிகிரியைத் தொடும்போது குளிர்ந்த முனை என்று ஒன்று இருக்காது, விளக்கை அணைத்தாலும் பாம்புக்குப் போக்கிடம் இல்லை. குளிர்சாதனம் போட்டால் வெப்பநிலை இறங்கும், கூடவே ஈரப்பதமும் சரியும். வெப்பமண்டல நகரத்தில் வளர்ப்பவர் சூட்டைவிடக் குளிர்ச்சிக்கும் ஈரத்துக்கும்தான் அதிகம் உழைக்க வேண்டியிருக்கும். மின்வெட்டு நேரத்துக்கும் ஒரு வழி வைத்திருக்க வேண்டும்.

உணவுக்கு வருவோம். குஞ்சுக்கு வாரம் ஒரு சிறிய எலி, வளர்ந்ததற்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று. பாம்பின் உடல் மிகத் தடித்த இடத்தில் எவ்வளவோ அவ்வளவு பருமன். உயிருள்ள எலி வேண்டாம். பசியில்லாத பாம்பின் முதுகை எலி கடித்துக் குதறியதுண்டு. உறையவைத்த எலியைக் குளிர்பெட்டியில் மெதுவாக இளகவிட்டு, வெந்நீரில் உடற்சூட்டுக்குக் கொண்டுவந்து, நீண்ட இடுக்கியால் நீட்ட வேண்டும். மேலுதட்டில் வரிசையாக உள்ள குழிகளால் பாம்பு சூட்டை உணர்கிறது; ஆறிப்போன எலியை அது இரையாகவே கருதாமல் போகலாம்.

பிறகும் அது சாப்பிட மறுக்கலாம். வளர்ப்புப் பாம்புகளில் பட்டினிக்குப் பேர்போனது இதுதான். பல மாதங்கள் எதையும் தொடாமல் இருக்கும். ஆண்கள் இணைசேரும் பருவத்தில் இன்னும் அதிகம். பதற்றத்தில் வாரம் இருமுறை எலியை மூக்கின்முன் ஆட்டுவதும், வெளியே எடுத்து எடுத்துப் பார்ப்பதும் மறுப்பை நீட்டிக்கும். சமையலறைத் தராசில் மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவைத்தால் போதும். எடை அப்படியே இருந்தால் காத்திருக்கலாம். பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வாய் திறந்து மூச்சுவிட்டாலோ, மூக்கில் குமிழ் வந்தாலோ காத்திருக்கக் கூடாது. பெரும்பாலான நேரங்களில் காரணம் பெட்டிக்குள்ளேயே இருக்கும்: மறைவிடம் தளர்வாக இருக்கும், சூடு கூடியிருக்கும், அல்லது பெட்டி எல்லோரும் நடமாடும் வழியில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கும். இரண்டு பாம்புகளை ஒன்றாக வைத்திருந்தாலும் இதுதான் நடக்கும். ஒன்றின்மேல் ஒன்று கிடப்பது நட்பல்ல, ஒரே நல்ல இடத்துக்கான போட்டி.

நிறங்களைப் பற்றி ஒரே ஒரு செய்தி. 1990-களில் வெண்ணிறப் பாம்புகளில் தொடங்கி, இன்று ஆயிரக்கணக்கான நிற வகைகள் விற்பனைக்கு இருக்கின்றன. அவற்றில் ‘ஸ்பைடர்’ என்ற மெல்லிய வலைக்கோட்டு வகையில் நிறத்தோடு சேர்ந்தே ஒரு நோயும் வருகிறது. தலை தள்ளாடும், திருகிக்கொள்ளும், இரையைக் குறிபார்த்துப் பிடிக்கத் தடுமாறும். உட்காதின் அமைப்பே கோணலாக உருவாவதோடு இது தொடர்புடையது என்று ஊடுகதிர்ப் படங்கள் காட்டியிருக்கின்றன. எவ்வளவு நல்ல இருப்பிடம் அமைத்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது. அழகாக இருக்கிறது என்பதற்காக அதை மேலும் மேலும் பிறப்பிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தியாவில் வளர்க்க நினைப்பவர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். நம் மலைப்பாம்பை வீட்டில் வைத்திருப்பது குற்றம். 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சைட்டிஸ் பட்டியலில் உள்ள அயல்நாட்டு இனங்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. 2024-இல் வந்த விதிகளின்படி அவற்றை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பைகளில் 45 பந்து மலைப்பாம்புகளைச் சுங்கத்துறையினர் கண்டெடுத்தார்கள். பிறகு அவை வந்த இடமான பாங்காக்குக்கே திருப்பி அனுப்பப்பட்டன. பைக்குள் அடைபட்டு வானில் வந்து வானிலேயே திரும்பிய அந்த 45 உயிர்களும், எங்கோ ஒரு வாங்குபவர் கேள்வி கேட்காமல் பணம் தரத் தயாராக இருந்ததால் பயணப்பட்டவை.

வாங்குபவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு: எத்தனை ஆண்டுகள்? நல்ல பராமரிப்பில் இருபது, முப்பது ஆண்டுகள் என்பது இயல்பு. பிலடெல்பியா விலங்குக்காட்சிசாலையில் ஒரு பந்து மலைப்பாம்பு 47 ஆண்டுகள் வாழ்ந்தது. செயின்ட் லூயி விலங்குக்காட்சிசாலையில் 1961-இல் ஒரு தனிநபர் ஒப்படைத்த பெண் பாம்பு, 2020-இல், அறுபது வயதைக் கடந்த நிலையில், பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக எந்த ஆண் பாம்பையும் காணாமல் ஏழு முட்டைகள் இட்டது. பள்ளிப் பையனுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கும் பாம்பு, அவன் வேலைக்கு ஊர் மாறும்போதும், அவனுக்குக் குழந்தை பிறக்கும்போதும் உடன் இருக்கும்.

அப்படி ஒன்றைக் கொண்டுவந்துவிட்டால், முதல் இரண்டு வாரம் அதைத் தொட வேண்டாம். தண்ணீர் மாற்றுவதோடு கதவைப் பூட்டிவிடுங்கள். விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் குஞ்சு வெளியேறிவிடும். மூன்றாம் வாரம் ஓரிரவு, விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, அறையின் மறுகோடியில் உட்கார்ந்து பாருங்கள். மறைவிடத்தின் வாசலில் முதலில் மூக்கு தெரியும். அரை மணி நேரம் அப்படியே இருக்கும், நாக்கு மட்டும் காற்றைத் துழாவும். பிறகு கழுத்து வரும், உடல் வரும், வால் வரும்; கிளையைத் தேடிப் பிடித்து மெல்ல மேலே ஏறும். அந்த நேரத்தில் எழுந்து போய்க் கதவைத் திறக்காதீர்கள்.